கிளினிக் நாளுக்கு எந்த லீவு?

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி, 2024 மார்ச் 4

அக்கா, போன ஓகஸ்ட் மாதம் ஒரு கொம்பனியில் ஒபிஸ் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் தைரொய்ட். மருந்தின் அளவு இன்னும் சரிவரவில்லை என்பதால் ஆறு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் சோதித்து கிளினிக்கில் காட்டவேண்டும். எச்.ஆரில் என்ன சொல்கிறார்கள் என்றால், "திடீரென்று சுகமில்லாமல் வந்தால்தான் சிக் லீவு. கிளினிக் முன்கூட்டியே தெரிந்த விசயம். அதை எனுவல் லீவில் போடுங்கள்." எனுவல் எனக்கு இந்த வருடம் ஏழே நாள். இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

2024 மார்ச் 4, இரவு

உரிமை இல்லை. சட்டப்படி வருடத்துக்கு ஏழு நாள் சிக் லீவு இருக்கிறது, அதில் எடுக்கலாம். எச்.ஆர் சொல்வதை ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். மிச்சம் நாளைக்கு எழுதுகிறேன்.

2024 மார்ச் 5

நேற்று அவசரத்தில் எழுதியதில் பிழை இருக்கிறது. முதலில் அதைத் திருத்துகிறேன்.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில், அதாவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில், "சிக் லீவு" என்று தனியாக ஒன்று இல்லை. வருடாந்த லீவு 14 நாள், கெஷுவல் 7 நாள், இரண்டும்தான் உண்டு. அந்த ஏழு நாளைச் சொந்த அலுவலுக்கு, சுகவீனத்துக்கு, வேறு நியாயமான காரணத்துக்கு என்று மூன்றுக்கும் சேர்த்தே சட்டம் தருகிறது. உங்கள் நியமனக் கடிதத்தில் "சிக் லீவு" என்று தனியாக நாள் போட்டிருந்தால் அது கொம்பனி தானாகக் கொடுப்பது. அதற்கு நிபந்தனை வைக்கவும் கொம்பனியால் முடியும். பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறோம், நேற்று நானும் குழம்பினேன்.

ஆனால் இது உங்களுக்கு நல்ல செய்தி. கிளினிக் போவது சுகவீனமா இல்லையா என்று எச்.ஆரோடு வாதாடத் தேவையே இல்லை. சுகவீனம் இல்லை என்றே அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அப்படியென்றால் அது சொந்த அலுவல். சொந்த அலுவலுக்கும் கெஷுவல் உண்டு.

உங்கள் கணக்கு இப்படி வரும். முதல் வருடத்தில் முழுதாக முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் கெஷுவல். ஓகஸ்டில் சேர்ந்தவருக்கு இன்றைக்கு மூன்று நாள் சேர்ந்திருக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் எனுவல் ஏழு நாள், அது சரியாகத்தான் தந்திருக்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு லீவு படிவத்தில் "எனுவல்" கூட்டில் புள்ளடி போடாதீர்கள். "கெஷுவல்" கூட்டில் போட்டு, திகதியை இரண்டு கிழமைக்கு முன்னமே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்த விசயம் என்று அவர்கள்தானே சொல்கிறார்கள், அப்போ முன்கூட்டியே கேட்பதை அவர்களால் குறை சொல்ல முடியாது.

2024 மார்ச் 7

"எனுவலில் போட்டால் என்ன, நாள் நாள்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி இல்லை. எனுவல் ஓய்வுக்காக வைத்தது. அந்த 14 நாளில் குறைந்தது ஏழு நாளாவது தொடர்ச்சியாக வரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு கிழமை முழுதாக வேலையை மறந்து இருக்கவேண்டும், அதுதான் அதன் நோக்கம். ஊருக்குப் போக, கோயில் திருவிழாவுக்குப் போக, பிள்ளைகளோடு இருக்க. அதை ஒவ்வொரு நாளாகக் கிள்ளி ஆஸ்பத்திரி வாங்கில் உட்காருவதற்குக் கொடுத்தால், வருட முடிவில் வருத்தமும் இருக்கும், ஓய்வும் எடுத்திருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரி நாள் ஓய்வு நாள் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. சீனியும் பிரஷரும். நான்கு கிழமைக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக். விடிய நாலரைக்கு எழும்புவோம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்பதால் அம்மாவுக்குத் தேத்தண்ணியும் இல்லை. கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, பாணும் சம்பலும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போவோம். ஆறு மணிக்கு முன்னமே அங்கே வரிசை நிற்கும். நம்பர் துண்டு கிடைக்கும்போது பெரும்பாலும் அறுபதுக்கு மேல். ரத்தம் எடுத்த பிறகு அம்மா பெட்டியைத் திறந்து, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் ஒரு துண்டு பாண் கொடுத்துச் சாப்பிடுவார். டொக்டர் எட்டரைக்கு வருவார். அம்மாவைப் பார்ப்பது நான்கு நிமிடம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர் மேசையில் இன்னும் நூறு கொப்பி அடுக்கி இருக்கும். அதற்குப் பிறகு மருந்து ஜன்னல். டொக்டரின் வரிசையைவிட அந்த வரிசைதான் நீளம். சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் மாத்திரையைப் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு கீறித் தருவார்கள். அதை வாங்கும்போது பதினொன்றரை தாண்டிவிடும். அம்மாவை வீட்டில் விட்டு, முகம் கழுவி, பஸ் பிடித்து ஒபிசுக்குப் போனால் 12.50.

எங்கள் ஒபிசில் 12.30க்கு முன்னம் விரல் வைத்தால் அரை நாள் லீவு. 12.31 என்றால் முழு நாள். அந்த மெஷினில் விரல் வைக்கும்போது வரும் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். முழு நாள் வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்தும் திரும்பிப் போக முடியாது, மாத முடிவுக் கணக்கு மேசையில் காத்திருக்கும். ஆறேகால் வரைக்கும் வேலை செய்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. அந்த ஐந்தரை மணித்தியாலத்தை எந்தப் பதிவிலும் காணமாட்டீர்கள்.

வருடத்துக்கு 13 கிளினிக். முழு நாளாக வெட்டினால் ஏழு கெஷுவலும் ஜூனோடு முடிந்துவிடும். அரை நாளாக எடுத்தால் 13 தரமும் ஆறரை நாள்தான், ஏழுக்குள் அடங்கும். என்னுடைய முழுப் பிரச்சினையும் அந்த 20 நிமிடம்தான்.

2024 மார்ச் 9

இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். "அக்கா, கெஷுவல் ஏழு நாள் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதாதீர்கள். எங்களுக்குச் சட்டத்தில் கெஷுவலே இல்லை."

அவர் சொல்வது சரி. நான் எழுதியது கடைக்கும் ஒபிசுக்கும் பொருந்தும். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளச் சபைகளின் கீழே வருவார்கள், அது 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வருடாந்த லீவு அவர்களுக்கும் 14 வரை உண்டு, வேலை செய்த நாளைப் பொறுத்து. கெஷுவல், சுகவீன லீவு என்பதெல்லாம் கொம்பனி கொடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் தொழிற்சங்கம் பேசி ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கவேண்டும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மாதம் முழுக்க ஒரு நாளும் நிற்காமல் வந்தால் "அட்டென்டன்ஸ்" என்று தனியாகக் காசு. ஒரு நாள் நின்றால் அந்தத் தொகை முழுதாகப் போய்விடும். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளமும் இல்லை, அட்டென்டன்ஸும் இல்லை. அவருக்கு வலிப்பு மருந்து. இரண்டு மாதமாகக் கிளினிக் போகவில்லையாம். கூடப் படித்தவர் ஒருவர் பாமசியில் நிற்கிறார், அவரிடம் பழைய துண்டைக் காட்டி அதே மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. வலிப்பு மருந்தின் அளவை டொக்டர்தான் பார்க்கவேண்டும். இந்த மாதம் காசு போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டுங்கள்.

2024 மார்ச் 9, பிறகு

அரசாங்க வேலைக்காரர்களின் கணக்கு வேறு. தாபனக் கோவை என்ற அவர்களுடைய விதிப் புத்தகத்தின்படி வருடத்துக்கு 21 நாள் அமய லீவு, அதாவது கெஷுவல், 24 நாள் ஓய்வு லீவு. மாதத்தில் இரண்டு தடவை ஒன்றரை மணித்தியால ஷோர்ட் லீவு. ஒரே நகரம், ஒரே கிளினிக், ஒரே வாங்கு. கச்சேரியில் வேலை செய்பவருக்கு 45 நாள், பக்கத்தில் இருக்கும் கடைக்காரப் பிள்ளைக்கு 21, அதற்குப் பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலைத் தம்பிக்கு 14. அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றுதான் கேட்கிறேன்.

2024 மார்ச் 13

லீவு படிவத்தில் "காரணம்" என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் எதை எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

"சொந்த அலுவல்" என்று எழுதுங்கள், போதும். கெஷுவலுக்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று என்று மேலே எழுதினேன். வருத்தத்தின் பெயரை லீவு படிவத்தில் எழுத வேண்டியதில்லை.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் எனக்கு மார்பில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுக்க ஒரு நாள் வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்பிக்கொண்டு இருக்கும்போது எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் படிவத்தை எங்கள் செக்ஷன் மனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார், "கைனி கிளினிக்கா? என்ன பிரச்சினை?" என்று. ஆறு ஆண்கள் அந்த அறையில். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். நான் என் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்து "சொந்த அலுவல்" என்று எழுதினேன். என்ன அலுவல் என்று கேட்டார். வீட்டு அலுவல் என்றேன். கட்டி சாதாரணக் கட்டிதான், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்காக நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

2024 மார்ச் 18

"டொக்டர்மார் பின்னேரம் பிரைவேட்டில் இருக்கிறார்கள்தானே. ஐந்தரைக்குச் சனல் பண்ணினால் ஒரு லீவும் போகாது. ஏன் இவ்வளவு கதை?" பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்.

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு விசயம் முழுதாக விளங்கியது. அதற்கு நன்றி. பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மாவைக் காலையில் கிளினிக்கில் பார்க்கும் அதே டொக்டர் பின்னேரம் பிரைவேட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உண்மை. போன வருடம் ஒரு முறை அங்கே காட்டினோம். டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக 3000 ரூபாய்க்குக் கிட்ட, ரத்தச் சோதனை தனி, மருந்து தனி. ஒரு மாதத்து மருந்தை வெளியில் வாங்கினால்தான் அரசாங்க ஜன்னலில் சும்மா கிடைப்பதன் பெறுமதி தெரியும். 13 தரம் அப்படிப் போக எங்களால் முடியாது.

ஆகவே லீவு போவது யாருக்கு? காசு கொடுத்துப் பின்னேரத்தில் காட்டக்கூடியவருக்கு லீவு போவதில்லை. இலவச வைத்தியத்தை நம்பி இருப்பவருக்கு மட்டும்தான் அது கிழமை நாளில், காலையில், வேலை நேரத்தில் வருகிறது. ஒரு கொம்பனி "கிளினிக்குக்கு லீவு இல்லை" என்று விதி போட்டால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரியான விதி போலத் தெரியும். மனேஜருக்கு அதனால் ஒரு நாளும் நட்டம் வராது. பியூனுக்கும், டைப் அடிக்கும் பிள்ளைக்கும், எனக்கும்தான் வரும். இலவச வைத்தியம் என்று நாடு தருவதைக் கொம்பனி சம்பளத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்ல வந்தேன், உங்கள் கேள்வி வரும் வரைக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

இன்னுமொன்று. போய்த்தான் நாள் வீணாகும் என்றில்லை. இந்த வருட ஆரம்பத்தில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் கொடுப்பனவு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அம்மாவும் நானும் விடிய போய் நின்றுவிட்டு மருந்து இல்லாமல் திரும்பினோம். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருக்கலாம், அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்தான். ஆனால் அந்தக் கிழமை எனக்கு இரண்டு லீவு போனது.

2024 மார்ச் 20

மெடிக்கல் பற்றி, அதாவது சுகமில்லை என்று டொக்டர் எழுதித் தரும் துண்டு பற்றி. "கிளினிக் போனால் மெடிக்கல் கொண்டுவா" என்று கேட்கிறார்களாம்.

கிளினிக்கில் நூறு பேர் நிற்கும்போது டொக்டரிடம் "ஒரு மெடிக்கல் எழுதித் தாங்கோ" என்று கேட்க வாய் வராது. கேட்டாலும் "நீங்கள் இன்று சுகமில்லாமல் வரவில்லையே, வழமையான கிளினிக்தானே" என்பார், அவர் சொல்வதும் சரி. அப்புறம் என்ன நடக்கிறது? பின்னேரம் வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய், இல்லாத காய்ச்சலுக்குக் காசு கொடுத்து ஒரு மெடிக்கல் எடுக்கிறார்கள். எச்.ஆர் அதை ஏற்றுக்கொள்கிறது.

கிளினிக் கொப்பியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியின் முத்திரை இருக்கிறது, பதிவு நம்பர் இருக்கிறது, அன்றைய திகதி இருக்கிறது, டொக்டரின் கையெழுத்து இருக்கிறது, அடுத்த திகதியும் இருக்கிறது. இதைவிட நல்ல அத்தாட்சி என்ன வேண்டும்? உண்மையான கொப்பியைத் தள்ளிவிட்டுப் பொய்யான மெடிக்கலை வாங்கிவைக்கும் விதி நேர்மையானவர்களைப் பொய் சொல்லப் பழக்குகிறது. எனக்கு இதில் கடும் கோபம்.

கொப்பியைக் காட்டுவதென்றால் திகதி உள்ள பக்கத்தின் மேல் பகுதியை மட்டும் போட்டோ கொப்பி எடுங்கள். கீழே இருக்கும் மருந்துப் பெயர்களை மறையுங்கள். மார்ச் 13இல் எழுதியதை மறக்கவேண்டாம்.

2024 மார்ச் 27

நேற்று அம்மாவின் கிளினிக். நான்கு கிழமை கழித்து வரும் செவ்வாய் ஏப்ரல் 23, அன்றைக்குப் போயா. எங்களுக்குச் சித்திரா பூரணை. ஆகவே ஏப்ரல் 30 என்று கொப்பியில் போட்டார்கள். மருந்து மட்டும் 28 நாளைக்குத்தான். மிச்சம் ஏழு நாளைக்கு வெளியில் வாங்கவேண்டும்.

எங்களுக்கு லீவு உள்ள நாளில் கிளினிக்கும் பூட்டு. கிளினிக் திறந்திருக்கும் நாளில் எங்களுக்கு வேலை. போயா நாளில் கிளினிக் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, நேர்ஸ்மாருக்கும் வீடு இருக்கிறது. ஆனால் கிளினிக்கைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள் என்று எனக்கு அறிவுரை சொன்ன எங்கள் எச்.ஆர் ஆள் ஒருநாளாவது ஒரு கிளினிக் வரிசையில் நின்றுபார்க்கவேண்டும்.

2024 ஏப்ரல் 8

மட்டக்குளியிலிருந்து ஒரு தங்கச்சி. ஐந்து மாதம். பிரசவ லீவு தருவார்கள், அதற்கு முன்னம் கிளினிக்குக்குப் போகும் நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.

பிரசவ லீவு வேலை நாட்களில் 84. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84தான். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து குறைத்தார்கள். ஆனால் பிரசவத்துக்கு முந்திய கிளினிக் நாட்களுக்கென்று தனியாகச் சம்பள லீவு சட்டத்தில் இல்லை. முதலில் மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கடைசி மாதத்தில் கிழமைக்கு ஒருமுறை. கூட்டிப் பாருங்கள், ஏழு கெஷுவல் எந்த மூலைக்கு? தாயையும் பிள்ளையையும் இந்த நாடு எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது, மிட்வைப் வீட்டுக்கே வந்து போகிறார். அந்தக் கவனத்தில் இந்தச் சின்ன ஓட்டையை ஏன் விட்டுவைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தங்கச்சி, கர்ப்பத்தைக் காரணமாக வைத்து உங்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. அதைத் தெரிந்துவைத்திருங்கள். பயமில்லாமல் கேளுங்கள். கிளினிக் அட்டையின் திகதிகளை மொத்தமாக ஒரு கடிதத்தில் எழுதி இப்போதே கொடுத்துவிடுங்கள்.

2024 ஏப்ரல் 25

கொஞ்ச நாளாக எழுதவில்லை. நான் முதலாளிகள் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று ஒருவர் எழுதியதை யோசித்துக்கொண்டு இருந்தேன்.

சம்பளக் கணக்கு போடுவது என் வேலை, 19 வருடமாக. ஐந்து பேர் உள்ள இடத்தில் ஒருவர் நின்றால் மற்ற நாலு பேரும் எவ்வளவு கஷ்டப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். கிளினிக் என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனவர்களையும் தெரியும். அதனால் சந்தேகப்படுவது முழுப் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் ஃப்ளட்ஸில் கீழ் மாடியில் ஒருவர் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம். 14ஐயும் ஏழையும் சேர்த்தாலும் பத்தரைக் கிழமையில் அவருடைய வருடத்து லீவு முழுக்க முடிந்துவிடும். அவர் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறார். கடையில் மொத்தம் நாலு பேர். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அந்த இரண்டு நாளும் ஒரு மணிக்கு வா, மற்ற நாட்களில் கடை பூட்டும் வரைக்கும் நில் என்றார். ஒரு படிவமும் இல்லை. இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. நாலு பேர் உள்ள கடையால் முடிந்தது முந்நூறு பேர் உள்ள கொம்பனியால் முடியாதா? மார்ச் 7இல் நான் எழுதியதை மறுபடி வாசித்தேன். நானும் நாளைத்தான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் கடை முதலாளி மணித்தியாலத்தை எண்ணினார். கிளினிக் போகிறவருக்கு முழு நாள் தேவையில்லை. காலையில் ஆறு மணித்தியாலம் போனால் அதை எங்கே எப்படி ஈடு செய்வது என்று பேசினாலே போதும்.

2024 மே 3

ஏப்ரல் 30 கிளினிக் முடிந்து மறுபடியும் 12.50க்கு விரல் வைத்தேன். மறுபடியும் முழு நாள். அன்றைக்கே எச்.ஆருக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தில் சட்டத்தைப் பெரிதாக இழுக்கவில்லை. கேட்டது மூன்று விசயம். கிளினிக் கொப்பியின் திகதியை அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ளவேண்டும். கிளினிக் நாளில் அரை நாளின் எல்லையை 1.30 வரை தள்ளவேண்டும், அந்த ஒரு மணித்தியாலத்தை அன்றே பின்னேரம் நின்று முடித்துக் கொடுப்போம். படிவத்தில் வருத்தத்தின் பெயரைக் கேட்கக்கூடாது. என்னோடு சேர்த்து 11 பேர் கையெழுத்து. 2019இல் தலையைக் குனிந்து நின்ற அந்தப் பிள்ளைதான் இரண்டாவது கையெழுத்து போட்டாள். அவள் இப்போது சீனியர்.

தொழில் திணைக்களத்துக்குப் போகலாமே என்று கேட்டவருக்கு: போகலாம். நாரஹேன்பிட்டியில் தலைமை அலுவலகம், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கெஷுவல் ஏழு நாளைத் தராவிட்டால் கட்டாயம் போங்கள், அது சட்டத்தில் உள்ளது. நான் கேட்கும் 1.30 சட்டத்தில் இல்லை, அதைப் பேசித்தான் வாங்கவேண்டும். பழைய தொழிற்சட்டங்களை ஒன்றாக்கிப் புதிய சட்டம் கொண்டுவருவோம் என்று 2023இல் ஒரு வரைவு வந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அப்படி ஒன்று என்றைக்காவது வருவதாக இருந்தால் இரத்மலானைத் தம்பிக்கும் ஏழு நாள் கெஷுவல் அதில் இருக்கவேண்டும்.

2024 மே 9

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு வாசகர், அங்கே வெளிநோயாளர் லீவு 14 நாள், ஆஸ்பத்திரியில் தங்கினால் அதோடு சேர்த்து 60 நாள் என்று எழுதியிருக்கிறார். சட்டத்தில் "சுகவீன லீவு" என்றே தனியாக இருக்கிறதாம். வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன்.

2024 மே 28

மூன்று விசயம்.

தெஹிவளைத் தங்கச்சி எழுதினார். கெஷுவல் கூட்டில் புள்ளடி போட்டு, இரண்டு கிழமைக்கு முன்னம் கொடுத்து, காரணத்தில் "சொந்த அலுவல்" என்று எழுதினாராம். ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மருந்தின் அளவும் சரிவந்துவிட்டது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதுமாம்.

இரத்மலானைத் தம்பி கிளினிக் போனார். மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத அட்டென்டன்ஸ் போய்விட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. சங்கத்தில் பேசச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஒபிஸ்: கொப்பியை ஏற்றுக்கொண்டார்கள். 1.30ஐயும் ஏற்றுக்கொண்டார்கள், டிசெம்பர் வரைக்கும் பரீட்சார்த்தமாக. "காரணம்" என்ற கோடு படிவத்தில் இன்னும் இருக்கிறது. புதுப் படிவம் அடிக்கும்போது பார்க்கலாம் என்கிறார்கள், நான் விடப்போவதில்லை.

இன்றைக்குக் கிளினிக். மருந்து ஜன்னலில் ஒரே சனம், ஒபிசுக்கு வர 1.05. விரல் வைத்தேன், அரை நாள். ஆறு மணிக்கு வேலையை முடித்துவிட்டு வந்து அம்மாவின் கொப்பியைத் திறந்து பார்த்தேன். அடுத்த திகதி ஜூன் 25. கலண்டரையும் பார்த்துவிட்டேன், அன்றைக்குப் போயா இல்லை.